பெயர் சென்னை, கோப்பை கோவையில்

மதுரைக்கு ஐஎஸ்எல் கால்பந்து டீம் வரப்போகிறது என்று வருஷத்துக்கு ஒருத்தராவது என்னிடம் சத்தியம் பண்ணிவிடுகிறார். சொல்கிற ஆள் மாறுவார், செய்தி மாறாது. "பெரிய கை ஒண்ணு வாங்குது மாப்ள, எல்லாம் பேசி முடிச்சாச்சு." யாருய்யா அந்தப் பெரிய கை என்று கேட்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இதற்குத் துணை வதந்திகளும் உண்டு. சென்னையின் எஃப்சி கோவைக்குப் போகிறதாம். கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியைக் காலி பண்ணிவிட்டுக் கோழிக்கோட்டுக்கு மூட்டை கட்டுகிறதாம். ஐஎஸ்எல்லை நடத்துகிற ஒப்பந்தமே 2025 டிசம்பரில் முடிந்து, சீசன் 2026 பிப்ரவரி வரை தள்ளிப்போன நாட்களில் இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது. ஆட்டம் இல்லாத மாதங்களில் ரசிகனுக்கு வேறு என்னதான் வேலை?

கம்பத்துக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் நிலைமை கொஞ்சம் விசித்திரம். சென்னை எங்களுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போனால்தான் நேரு ஸ்டேடியம். கொச்சியோ குமுளி ஏறி இறங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்தான். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள், முன்கண்ணாடியில் சுருளி வேலப்பருக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டர்ஸ் யானை ஒட்டியிருக்கும். வண்டன்மேட்டிலும் கட்டப்பனையிலும் வேலை பார்க்கும் பையன்கள் மஞ்சள் ஜெர்சியோடுதான் ஊருக்கு வருகிறார்கள். முல்லைப் பெரியாறு பேச்சு வந்தால் அவர்களே கேரளாவைத் திட்டுவார்கள், சாயங்காலம் ஏழரைக்கு மேட்ச் என்றால் அதே வாயால் பிளாஸ்டர்ஸுக்கு விசில் அடிப்பார்கள். பக்கத்தில் இருக்கிற டீம் நம்ம டீம். இதில் மொழியும் இல்லை, மாநிலமும் இல்லை, பஸ் டிக்கெட் மட்டும்தான் கணக்கு.

அந்தக் கணக்குப்படி, நமக்கென்று ஒரு தமிழ்நாட்டு டீம் கொஞ்சம் கிட்டே வந்த காலம் ஒன்று இருந்தது. மதுரைக் கனவு காண்கிறவர்கள் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. சென்னை சிட்டி எஃப்சியைத்தான் சொல்கிறேன்.

1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று சென்னையில் தொடங்கிய சங்கம் அது. சென்னை லீகில் ஆடிக்கொண்டிருந்த டீம், பிற்பாடு ரோஹித் ரமேஷ் என்பவர் கையில் பெயர் மாறி 2016-17 சீசனில் இன்னொரு தேசிய லீகான ஐ-லீகுக்குள் நுழைந்தது. ஆரம்பத்தில் ஹோம் மேட்ச் எல்லாம் சென்னை நேரு ஸ்டேடியத்தில்தான். அடுத்த சீசனில் டீம் கோவைக்கு வந்துவிட்டது. அந்த 2017-18 சீசனில்தான் ஐஎஸ்எல்லும் ஐ-லீகும் முதன்முறையாக ஒரே மாதங்களில் ஓடின. நேரு ஸ்டேடியத்தில் ஐஎஸ்எல் டீமான சென்னையின் எஃப்சி ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. சினிமா நட்சத்திரம் முதலாளி, டிவியில் நேரலை, பெரிய பெரிய விளம்பரதாரர்கள். அந்தப் பக்கத்தில் சிட்டிக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்?

கோவையில் அவர்களுக்குக் கிடைத்தது ஊருக்கு நட்டநடுவில், வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நேரு ஸ்டேடியம். ஆமாம், அங்கேயும் நேரு ஸ்டேடியம்தான். வெளிச்சுவரைச் சுற்றிலும் கடைகள், உள்ளே ஓட்டப்பந்தய டிராக். டிராக் இருக்கிற ஸ்டேடியத்தில் கால்பந்து பார்ப்பது ஒரு தண்டனை. கேலரிக்கும் கோட்டுக்கும் நடுவே அவ்வளவு தூரம். எதிர்ப்பக்க கார்னரில் பந்தை அடித்தது யார் என்பதை ஆளின் நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனாலும் எனக்குப் பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று போய் உக்கடத்தில் இறங்கினால் வேலை முடிந்தது. மேட்ச் சாயங்காலம் ஐந்து மணி. இருட்டுவதற்கு முன்னால் முக்கால்வாசி ஆட்டம் முடிந்துவிடும், திரும்பி வர ராத்திரி வண்டியும் கிடைக்கும்.

நான் போன ஒரு மேட்ச் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஸ்கோர் மறந்துபோனது, கூட்டம் மறக்கவில்லை. மேற்குப் பக்க வெயில் முகத்தில் அடித்தது, ஆளாளுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்கள் யூனிஃபார்மோடு வரிசையாக வந்தார்கள். யாரோ "சென்னை... சென்னை..." என்று கோஷம் தொடங்கினார். அது ரெண்டு வரிசை தாண்டுவதற்குள் நமத்துப்போனது. பிறகு "சிட்டி... சிட்டி..." என்று ஆரம்பித்தபோதுதான் குரல் ஏறியது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, நம்ம ஊருல ஆடறானுங்கோ, நம்ம தண்ணியக் குடிக்கறானுங்கோ. கோயமுத்தூர்னு பேர் வெச்சா என்னங்க கொறஞ்சு போயிரும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. நானே கம்பத்திலிருந்து வந்தவன் என்று சொல்லி நழுவிவிட்டேன்.

2018-19 சீசன் யாரும் எதிர்பார்க்காதது. முந்தின வருஷம் பட்டியலின் கீழ்ப்பாதியில் தத்தளித்த டீம். சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த, இங்கே யாருக்கும் பெயர் தெரியாத வீரர்களைக் கொண்டுவந்தார்கள். பெத்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. மான்ஸி அந்த சீசனில் மட்டும் 21 கோல். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரோமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம்ம பையன்கள். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அதற்கு முந்தின சீசனில் இந்த டீமில் ஜொலித்துவிட்டு ஐஎஸ்எல்லுக்குப் போயிருந்தார். அதாவது கோவை வெறும் ஆடுகளமாக மட்டும் இருக்கவில்லை, தமிழ்நாட்டுப் பையன்களுக்கு மேலே ஏற ஒரு படிக்கட்டாகவும் இருந்தது.

2019 மார்ச் 9, சனிக்கிழமை, கடைசி நாள். சென்னை சிட்டி கோவையில் மினர்வா பஞ்சாபோடு. ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு. இரண்டு மேட்சும் ஒரே நேரத்தில். சிட்டி ஜெயித்தால் கோப்பை, சறுக்கினால் ஈஸ்ட் பெங்காலுக்கு வழி. ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. அன்றைக்கு நான் போக முடியவில்லை, கம்பத்தில் ஒரு கடை வாசலில் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் வரை பக்கத்தில் நின்ற மூன்று பேரும் "சென்னைக்காரன் ஊத்திக்குவான்" என்றார்கள். இடைவேளைக்குப் பிறகு பெனால்டியில் மான்ஸி சமன் செய்தார். அப்புறம் அஸ்ஸாம்காரரான டிஃபெண்டர் கௌரவ் போரா ஒன்று, கூடுதல் நேரத்தில் அவரே இன்னொன்று. 3-1. அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்துத்தான் முடித்தது. ஆனால் சிட்டிக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42. ஐ-லீகை வென்ற முதல் தமிழ்நாட்டு டீம். கோப்பையைத் தூக்கிய இடம் கோவை. மறுநாள் செய்தித்தாளில் தலைப்பெல்லாம் "சென்னை சாம்பியன்".

சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் அதே வருஷத் தொடக்கத்தில் இந்த கிளப்பில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. ஐரோப்பாவே கோவைக்கு வந்துவிட்டது என்று நாங்கள் துள்ளினோம். அடுத்த வருஷம் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைன் போய் ரிஃபா கிளப்பிடம் 0-1 என்று தோற்றார்கள். பிறகு ஏஎஃப்சி கோப்பை. 2020 மார்ச் 11, மாலத்தீவின் மாசியாவுக்கு எதிரான ஹோம் மேட்ச். அது எங்கே நடந்தது என்று நினைக்கிறீர்கள்? அகமதாபாத்தில். சென்னை என்று பெயர் வைத்து, கோவையில் குடியிருந்து, குஜராத்தில் ஹோம் மேட்ச் ஆடிய டீம் உலகத்தில் வேறு எதுவும் இருக்குமா தெரியாது. 2-2. அடுத்த சில நாட்களில் கொரோனா எல்லாவற்றையும் மூடியது.

2020-21 சீசன் முழுக்கக் கொல்கத்தாவிலும் அதைச் சுற்றியும் பூட்டின கேட்டுக்குள் நடந்தது. அதற்கடுத்த சீசனின் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. போராட்டம் இல்லை, ஊர்வலம் இல்லை. கோவையில் ஒரு போஸ்டர்கூட என் கண்ணில் படவில்லை. தன் பெயரில்லாத ஒன்றை இழந்ததற்கு அந்த ஊர் எப்படி அழும்? பெயர் இருந்த சென்னையோ அது போனதையே கவனிக்கவில்லை.

இதைப் பார்த்த பிறகுதான் டீம் இடம் மாறும் செய்திகளை நான் வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன்.

ஐஎஸ்எல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அது ஒரு மியூசிக்கல் சேர். 2014-ல் முதல் சீசனிலிருந்தே இருந்த டெல்லி டைனமோஸ், 2019 ஆகஸ்டில் புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனது. அதே கோடையில் எஃப்சி புனே சிட்டி கதவைச் சாத்தியது, அந்த இடத்தில் ஹைதராபாத் எஃப்சி என்ற புது டீம் வந்தது. ஹைதராபாத் 2022 மார்ச்சில் கோவாவில் பிளாஸ்டர்ஸைப் பெனால்டியில் தோற்கடித்துக் கோப்பையே வாங்கியது. எங்கள் ஜீப் ஸ்டாண்டில் அன்றைக்குப் பெரிய துக்கம். அந்த சாம்பியனும் பண நெருக்கடியில் கைமாறி, 2025-ல் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்ற பெயரில் தலைநகருக்குப் போய்விட்டது. புனேயின் இடம் ஹைதராபாத்துக்கு, ஹைதராபாத்தின் இடம் டெல்லிக்கு, டெல்லியின் டீம் ஒடிசாவுக்கு. இந்தச் சுற்றில் எந்த ஊர் ரசிகனிடமாவது யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஒடிசா போனதிலும் ஒரு தமாஷ் உண்டு. புவனேஸ்வரத்தின் கலிங்கா ஸ்டேடியத்தைப் பெண்கள் ஜூனியர் உலகக் கோப்பைக்காகச் செப்பனிட்டுக்கொண்டிருந்ததால், ஒடிசாவின் முதல் சில ஹோம் மேட்சுகள் புனேயில் நடந்தன. அதாவது டீமை இழந்த ஊர், வேறொரு ஊரின் டீம் ஹோம் மேட்ச் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. புனேயின் அந்த பாலேவாடி ஸ்டேடியத்துக்கு நாமும் கடன்பட்டிருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்தபோது சென்னையின் எஃப்சி தன் அரையிறுதி ஹோம் மேட்சை அங்கேதான் ஆடியது. கொல்கத்தாவை 3-0 என்று அடித்து, பிறகு கோவாவில் கோப்பையையும் வாங்கியது.

டெல்லியை விட்டு ஒடிசா போனதற்குக் காரணம் புவனேஸ்வரத்தில் கால்பந்து வெறி பொங்கி வழிந்ததா? இல்லை. அங்கே ஒரு மாநில அரசு, விளையாட்டையே தன் விளம்பரமாக நினைத்து ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருந்தது. 2018-லிருந்து இந்திய ஹாக்கி டீமின் சட்டையில் ஒடிசா என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட அரசு கிரவுண்டைத் திறந்துவிட்டால் எந்த முதலாளி வேண்டாம் என்பார்? போனதும் நல்லதாகத்தான் முடிந்தது, 2023-ல் சூப்பர் கோப்பையை வாங்கினார்கள். ஆகவே ஊர் மாறுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. டீம் எங்கே போகும் என்று ஜோசியம் பார்க்கிறவர்கள் எங்கே ரசிகன் அதிகம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, கிரவுண்டின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்த்தால் பாதி வதந்தி அங்கேயே விழுந்துவிடும்.

பிளாஸ்டர்ஸ் விஷயமும் இதேதான். இந்தியாவிலேயே கூட்டத்துக்குப் பெயர் போன டீம், மஞ்சப்படை என்று ஒரு பட்டாளமே பின்னால் நிற்கிறது. அப்படிப்பட்ட டீமைப் பற்றிக்கூட கோழிக்கோடு போகும் என்ற பேச்சு எதனால் எழுகிறது? கலூர் ஸ்டேடியம் அவர்களுடையது இல்லை, ஜிசிடிஏ என்கிற கொச்சி வளர்ச்சி ஆணையத்துடையது. வாடகை, வரி, பராமரிப்பு என்று ஏதாவது இழுபறி ஓடிக்கொண்டே இருக்கும். 2025-ல் மெஸ்ஸி வருகிறார், அர்ஜென்டினா வருகிறது என்று ஸ்டேடியத்தைப் பிரித்துப் போட்டார்கள். மெஸ்ஸி வரவில்லை, கிரவுண்டு பிரிந்து கிடந்தது. வதந்திக்கு வேறென்ன வேண்டும்? கோழிக்கோட்டுக்காரனுக்கு ஆசை இருந்ததால் அந்தப் பேச்சு கிளம்பவில்லை. ஆசை அவனுக்கு எப்போதும்தான் இருக்கிறது.

நம்ம ஊரில் இந்த ஊர் மாற்றத்தை இன்னும் கூச்சமில்லாமல் செய்தது கிரிக்கெட். டிஎன்பிஎல் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுங்கள். 2016-ல் முதல் கோப்பையை வாங்கியது தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ். இன்றைக்கு அந்த இடத்தில் சேலம் ஸ்பார்டன்ஸ். திருவள்ளூர் வீரன்ஸ் காஞ்சி வீரன்ஸ் ஆகி, அந்த இடமும் பிறகு நெல்லைக்குப் போனது. ரூபி காஞ்சி வாரியர்ஸ் ஒரு ராத்திரியில் திருச்சி வாரியர்ஸ் ஆனது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆகி 2025-ல் கோப்பையும் வாங்கிவிட்டது. காரைக்குடியில் யாராவது வெடி போட்டார்களா என்று விசாரித்தேன், பதில் இல்லை. பெயர்தான் ஊர் ஊராகப் போகிறது. ஆட்டம் நடப்பது அதே சில கிரவுண்டுகளில். என்னைக் கேட்டால் தூத்துக்குடியின் கோப்பையை சேலத்துக்காரன் தன் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்?

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது என்கிறீர்களா? அமெரிக்காவில் அவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில், பால்டிமோர் கோல்ட்ஸ் 1984 மார்ச் மாதம் ஒரு ராத்திரியில் லாரிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு இண்டியானாபோலிசுக்குப் போய்விட்டது. ஊர் தூங்கி எழுந்தபோது டீம் இல்லை. நம்ம ஆட்டத்தில் பெரிய கதை விம்பிள்டன். 1988-ல் லிவர்பூலையே தோற்கடித்து எஃப்ஏ கோப்பை வாங்கிய லண்டன் கிளப். சொந்த கிரவுண்டை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் இன்னொருத்தர் ஸ்டேடியத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. 2002-ல் மூன்று பேர் கமிஷன் ஒன்று, தொண்ணூறு கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்குப் போகலாம் என்று அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சில வாரத்துக்குள் தாங்களே ஒரு கிளப் தொடங்கினார்கள், ஏஎஃப்சி விம்பிள்டன். பொது மைதானத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆள் தேர்வு நடத்தி, லீக் ஏணியின் அடிப்படியிலிருந்து ஏறி, 2011-ல் தொழில்முறை லீகுக்குள் நுழைந்து, 2020 நவம்பரில் பழைய பேட்டைக்குப் பக்கத்திலேயே பிளவ் லேனில் புது ஸ்டேடியம் கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பொறாமைதான் வந்தது. அவர்களால் முடிந்ததற்கு ரோஷம் மட்டும் காரணம் இல்லை. அடிப்படியில் ஒரு லீக் இருந்தது, அங்கிருந்து மேலே ஏற வழியும் இருந்தது. கோவைக்காரன் 2021-ல் ரோஷப்பட்டுக் கோயமுத்தூர் எஃப்சி என்று தொடங்கியிருந்தால் எந்தப் படியில் கால் வைத்திருப்பான்? மாவட்ட லீக், அப்புறம் சென்னையைச் சுற்றியே சுழலும் மாநில ஆட்டங்கள், அப்புறம் கும்பிடு போட வேண்டிய கதவுகள்.

இதையெல்லாம் சொன்னால் என் மதுரை மாப்பிள்ளை ஒத்துக்கொள்வதாக இல்லை. போன வாரம் போனில் பெரிய வாக்குவாதம்.

"நத்தத்துல ஒரு காலேஜ் கிரவுண்டுக்கு டிஎன்பிஎல் வரலையா மாமா? மதுரைக்கு ஏன் ஃபுட்பால் வராது?"

"டேய், அங்க என்பிஆர் காலேஜ்காரன் மொதல்ல கிரவுண்டப் போட்டான், பெறகு ஆட்டம் வந்துச்சு. நீ எனக்குச் சாதகமால்ல பேசுற."

"சரி, ஹாக்கி? ஜூனியர் உலகக் கோப்பையே மதுரையில நடந்துச்சுல்ல?"

நடந்தது. 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையோடு மதுரையும் சேர்ந்து நடத்தியது. அதற்கும் முதலில் ரேஸ்கோர்ஸில் அரசாங்கம் ஹாக்கி ஸ்டேடியத்தைக் கட்டி, டர்ஃப் விரித்து, கேலரி போட்டது. ஜெர்மனிக்காரன் ஆட வந்தது அதற்குப் பிறகு. கண்ணூர் வாரியர்ஸ் இன்னொரு சாட்சி. சூப்பர் லீக் கேரளாவின் முதல் சீசனில், 2024-ல், கண்ணூரில் கிரவுண்டு தயாராகாததால் கோழிக்கோட்டில் ஆடினார்கள். கிரவுண்டு தயாரானதும் அடுத்த சீசனில் சொந்த ஊருக்கே வந்துவிட்டார்கள். ஆகவே மதுரைக்காரர்கள் யாராவது அடுத்த தடவை பெரிய கை பற்றிச் சொன்னால் நான் இரண்டே கேள்விதான் கேட்கப்போகிறேன். எந்த கிரவுண்டு, வாடகை யாருக்கு? மூன்றாவதாக ஒன்றும் உண்டு. டீமுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மதுரைன்னுதான் மாமா வைப்பாங்க, வேற என்ன?" என்றான்.

"தேனி, திண்டுக்கல்லயும் சேத்துக்குவாங்களா?"

"ஏன், நீ கம்பத்துல கிரவுண்டு கட்டித் தரப் போறியா?"